உலகத்திலேயே நல்ல வேலை, சம்பளம் கிடையாது

ஒலிம்பிக்கை டிவியில் பார்த்துக்கொள்ளலாம். பாராலிம்பிக் என்றால், அதிலும் பனிக்காலப் பாராலிம்பிக் என்றால், பேசாமல் வேலைக்குச் சேர்ந்துவிட வேண்டும். டிக்கெட் எடுத்து உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் இரண்டாம் பட்சம். நீல ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை ஆட, சாக்ஸ் வரை நனைந்து, பைசா சம்பளம் இல்லாமல் கயிற்றுக்கு உள்பக்கம் நிற்க வேண்டும். 2010 மார்ச்சில் நான் அப்படி நின்றேன். அன்றிலிருந்து யார் கிடைத்தாலும் இதைப் பற்றித்தான் பேசுகிறேன். நான் ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து காபி போடப் போய்விடுவார். அவருக்கு மனப்பாடம். உங்களுக்குப் புதுசுதானே, உட்காருங்கள்.

வான்கூவர் பனிக்கால ஒலிம்பிக் அந்த வருஷம் பிப்ரவரியோடு முடிந்தது. ஊரே ஹாக்கித் தங்கத்தைக் கொண்டாடிக் களைத்துப்போய், தெருவில் தொங்கிய கொடிகளைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் மார்ச் 12-ம் தேதி பாராலிம்பிக் தொடங்கியது. பத்து நாள், 44 நாடுகள், சுமார் 500 வீரர்கள், 64 பதக்கப் போட்டிகள். விளையாட்டு ஐந்தே ஐந்து. ஸ்லெட்ஜ் ஹாக்கியும் வீல்சேர் கர்லிங்கும் வான்கூவர் நகரத்துக்குள். மலைச்சரிவுப் பனிச்சறுக்கு, சமவெளியிலும் மேட்டிலும் நெடுந்தூரம் ஓடும் கிராஸ் கன்ட்ரி, அந்த ஓட்டத்தோடு துப்பாக்கி சுடுவதையும் சேர்த்த பயத்லான் ஆகிய மூன்றும் 125 கிலோமீட்டர் வடக்கே விஸ்லர் மலையில். எனக்கு விழுந்தது கேலகன் பள்ளத்தாக்கு. கிராஸ் கன்ட்ரியும் பயத்லானும் நடந்த இடம். நான் கேட்டு வாங்கியதில்லை, அவர்களாகப் போட்டது. என் வாழ்க்கையில் விழுந்த பெரிய லாட்டரி அதுதான்.

மதுரைக்கு போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "ஏண்டி, சம்பளமும் கிடையாது, லீவும் போச்சு, அந்தக் குளிருல போய் என்ன பண்ணப் போற?" என்றாள். "வீல்சேர் பார்த்துக்கிற வேலைம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "புண்ணியம்டி" என்றாள். புண்ணியக் கணக்கில் ஒரு பைசா சேரவில்லை என்பதை அவளுக்கு விளங்கவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. யாரும் யாருக்கும் தொண்டு செய்கிற இடமே இல்லை அது. உலகத்தின் மிகச் சிறந்த பந்தயக்காரர்கள் நேரத்துக்குத் தங்கள் சாமானை எதிர்பார்க்கிற இடம். கார் பந்தயத்தில் டயர் மாற்றுகிறவனைப் பார்த்துப் புண்ணியவான் என்று யாராவது சொல்வார்களா?

பயிற்சி வகுப்பு எடுத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எழுபதை நெருங்கும் வயது, ராணுவக் குரல். அவர் சொன்னது கொஞ்சம்தான். கேட்காமல் தொடாதே. வீல்சேர் அவர்கள் உடம்பின் பகுதி, அதன் மேல் சாயாதே, பையை மாட்டாதே. பார்வையில்லாதவரிடம் முதலில் உன் பெயரைச் சொல், பிறகு முழங்கையை நீட்டு, அவர் பிடித்துக்கொள்வார், நீ பிடித்து இழுக்காதே. வீரரிடம் கேட்க வேண்டியதை அவருடைய பயிற்சியாளரிடம் கேட்காதே. அவ்வளவுதான். அந்த நாலு வாக்கியத்தை நம் ஊர் கல்யாண மண்டபங்களிலும் ஆஸ்பத்திரி வாசல்களிலும் எழுதி ஒட்டினால் எத்தனையோ பேருக்கு நிம்மதி என்று அப்போதே தோன்றியது.

இனி என் ராஜ்ஜியத்துக்கு வருகிறேன்.

கிராஸ் கன்ட்ரியில் உட்கார்ந்து ஓடும் பிரிவு ஒன்று உண்டு. சிட்ஸ்கி என்பார்கள். உடம்புக்கு அளவெடுத்துச் செய்த ஒரு சின்ன இருக்கை, அதைத் தாங்கும் மெல்லிய உலோகச் சட்டம், சட்டத்துக்குக் கீழே சாதாரண கிராஸ் கன்ட்ரி ஸ்கீ இரண்டு. கையில் இரண்டு குட்டைக் கம்புகள். கால் கிடையாது, இடுப்புக்குக் கீழே பலம் கிடையாது. மேடு, பள்ளம், திருப்பம் எல்லாம் தோளும் கையும்தான். வீரர்கள் வீல்சேரில் ஆரம்பக் கோட்டுக்கு வருவார்கள், சிட்ஸ்கிக்கு மாறுவார்கள், வாரை இறுக்குவார்கள், பறந்துவிடுவார்கள். அவர்கள் விட்டுப்போன வீல்சேர்கள் முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தயாராக நிற்க வேண்டும். அந்த இடைவெளிதான் என் வேலை.

இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். நிறைய இருக்கிறது! வீல்சேரின் முன் சக்கரம் சின்னது, பனியில் புதைந்து நின்றுவிடும். அதனால் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து, பெரிய சக்கரம் இரண்டில் மட்டும் ஓட்டிப் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் வீரரின் எண் எழுதிய அட்டை கட்டியிருக்கும். இருக்கை மெத்தையை உடனே எடுத்து பிளாஸ்டிக் பைக்குள் போட்டுவிட வேண்டும், ஒரு பொட்டுப் பனி அதில் விழக்கூடாது. முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. மெத்தை ஈரமென்றோ சில்லிட்டிருக்கிறது என்றோ அவருக்குத் தெரியாது. ஆனால் தோலுக்குத் தெரியும், புண்ணாகிவிடும். அப்படி ஒரு புண் வந்தால் மாதக்கணக்கில் படுக்கை. ஒரு பிளாஸ்டிக் பையில் இத்தனை இருக்கிறது. இது தெரிந்த பிறகு அந்தப் பையை நான் கட்டிய கட்டு இருக்கிறதே, நகைக்கடைக்காரர்கூட அப்படிக் கட்டமாட்டார்.

முதல் நாள் காலை ஆரம்பக் கோட்டுக்குப் பின்னால் நாற்காலிகள் வரிசையாக நின்றதை இப்போதும் அப்படியே சொல்வேன். சிலது பந்தயக் கார் சாயம் பூசியது, சிலது பழசு, கைப்பிடியில் பிளாஸ்டர் சுற்றியது. ஒன்றின் மேல் ஜாக்கெட் மடித்து வைத்திருந்தது, இன்னொன்றில் பாதி தின்ற வாழைப்பழம். ஒன்றின் கால்பலகையில் இரண்டு செயற்கைக் கால்கள், ஷூவும் சாக்ஸும் போட்டபடி, லேஸ் கட்டியபடி. சொந்தக்காரர் இரண்டு கிலோமீட்டர் தள்ளி மேடு ஏறிக்கொண்டிருந்தார். அவர் ஷூவில் பனி விழாமல் நான் ஒரு துணியைப் போட்டு மூடினேன். அவர் திரும்பி வந்து துணியை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். எனக்கும் அவருக்கும் பொதுவான பாஷை ஒன்றுகூட இல்லை. அன்று முழுக்க எனக்குப் பசியே எடுக்கவில்லை.

அந்த முதல் நாள், மார்ச் 13, சிட்ஸ்கி பயத்லானில் 2.4 கிலோமீட்டர் துரத்தல் ஓட்டம். அமெரிக்காவின் ஆண்டி சோல் மூன்றாவதாக வந்தார். ஆப்கானிஸ்தானில் 2005-ல் குண்டுவெடிப்பில் இரு காலையும் இழந்த ராணுவ வீரர். வெண்கலம்தானே என்று நான் கைதட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்ற அமெரிக்கர் ஒருவர் தேம்பித் தேம்பி அழுகிறார். விஷயம் என்னவென்றால், ஒலிம்பிக்கோ பாராலிம்பிக்கோ, பயத்லானில் அமெரிக்கா அதுவரை ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை. இரண்டு காலும் உள்ள எத்தனையோ அமெரிக்கர்கள் எத்தனையோ வருஷம் முயன்று கிடைக்காத அந்த முதல் பதக்கத்தை வாங்கித் தந்தவர் இவர். அந்த அழுகையில் பரிதாபம் துளிகூட இல்லை. நம் ஊரில் கிரிக்கெட் கோப்பை ஜெயித்த ராத்திரி அழுவோமே, அதே அழுகை.

அந்தப் பிரிவின் ராஜா ரஷ்யாவின் இரெக் ஸாரிபோவ். மோட்டார் சைக்கிள் விபத்தில் இரு காலையும் இழந்தவர். கேலகனில் நாலு தங்கம், ஒரு வெள்ளி அள்ளிக்கொண்டு போனார். மேட்டில் அவர் ஏறுவதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் மேட்டைப் பார்த்ததும் கம்பை ஊன்றும் வேகம் குறையும். இவருக்குக் கூடும்! தோள் எழும்பி விழும் சத்தம், கம்பு முனை பனியைக் கொத்தும் சத்தம், மூச்சுச் சத்தம், மூன்றும் ஒரே தாளத்தில் வரும். கொட்டகையில் இருந்த பயிற்சியாளர்கள் தங்கள் வீரர் யார் என்பதையே மறந்து அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் கனடாவின் கோலெட் போர்கோஞ்சே இருக்கிறாரே, அவருக்கு அப்போது 48 வயது. சஸ்காட்செவனைச் சேர்ந்த ஆசிரியை. கோடைக்காலப் பாராலிம்பிக்கில் வீல்சேர் ஓட்டத்திலும் பதக்கம் வாங்கியவர். 10 கிலோமீட்டர் சிட்ஸ்கியில் வெள்ளி. அந்தப் போட்டிகளில் கனடாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சிட்ஸ்கிக்காரர்கள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து பனியில் கிடப்பார்கள். தூக்கிவிடக் கை பரபரக்கும், தூக்கக்கூடாது. பக்கத்தில் நாற்காலியைக் கொண்டுபோய், பிரேக் போட்டு, மெத்தையைச் சரிபார்த்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூச்சு வந்ததும் அவர்களே வாரை அவிழ்த்து, ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, ஒரே தூக்கில் ஏறி உட்காருவார்கள். பத்து கிலோமீட்டர் ஓடி வந்த கை அது! நானெல்லாம் காய்கறிப் பையை இரண்டு மாடி தூக்கிவிட்டு உட்கார்ந்துவிடுகிற ஆள்.

சரி, இப்போது துப்பாக்கி. கண் தெரியாதவர் துப்பாக்கி சுடுவார் என்று சொன்னால் அம்மா இன்றுவரை நம்பவில்லை. சுடுவார்கள். பத்து மீட்டர் தள்ளி இலக்கு. வழிகாட்டி கூட்டிவந்து விரிப்பில் படுக்கவைப்பார். காதில் ஹெட்போன். துப்பாக்கி முனை இலக்கின் நடுவை நெருங்க நெருங்க ஹெட்போனில் ஒலியின் சுருதி ஏறிக்கொண்டே போகும். உச்சிக்கு வந்த இடத்தில் விசையை அழுத்த வேண்டும். வயலின்காரர் கச்சேரிக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு தந்தியை முறுக்குவாரே, அந்த முகம்தான் அவர்களுக்கு. அதுவும் எப்போது? நெஞ்சு வெடிக்க ஓடிவந்து விழுந்த அடுத்த சில நொடிகளில். இதயம் அடிக்கிற அடியில் குழல் ஆடும், அந்த ஆட்டம் சுருதியில் கேட்கும். இரண்டு துடிப்புக்கு நடுவில் உள்ள இடைவெளியில் சுட வேண்டும். தப்பினால் தண்டனை. ஒரு கை மட்டும் உள்ளவருக்குத் துப்பாக்கியைத் தாங்க ஸ்பிரிங் வைத்த தாங்கி. எல்லாவற்றுக்கும் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறார்கள். பொறியியல் படிக்கும் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கொண்டுபோய் விட்டால் போதும், புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலையவேண்டாம்.

அந்தத் திடலின் நட்சத்திரம் ஜெர்மனியின் வெரேனா பென்டலே. பிறவியிலேயே பார்வையில்லாதவர். வழிகாட்டி முன்னால் ஓடிக்கொண்டே குரல் கொடுப்பார், அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இவர் பின்னால் வருவார். 2009 ஜனவரியில் ஜெர்மன் சாம்பியன்ஷிப்பில் அப்போதிருந்த வழிகாட்டி இடம் வலம் மாற்றிச் சொல்லிவிட்டார். பென்டலே பாதையைவிட்டுப் பறந்து கீழே விழுந்தார். முழங்கால், சிறுநீரகம், கைவிரல் எல்லாம் சேதம். அந்த விபத்து நடந்து ஒரு வருஷம் சொச்சத்தில் புதிய வழிகாட்டி தாமஸ் ஃப்ரீட்ரிஷோடு கேலகனுக்கு வந்தார். ஓடியது ஐந்து போட்டி, வாங்கியது ஐந்து தங்கம். ஒரு முறை உயிரோடு விளையாடிய 'இடம், வலம்' என்ற சொல்லை இன்னொருவர் வாயிலிருந்து மறுபடி நம்பி, இறக்கத்தில் வேகத்தைக் குறைக்காமல் திரும்பினார் பாருங்கள், அதை நான் கயிற்றுக்கு நாலடி தூரத்தில் நின்று பார்த்தேன். பிற்காலத்தில் அவர் ஜெர்மன் அரசின் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையராகவும் ஆனார். ஆச்சரியமே இல்லை.

வழிகாட்டிகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அவர்களும் அதே வேகத்தில், அதே தூரம், அதற்கு மேல் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட வேண்டும். பதக்கமும் அவர்களுக்கு உண்டு, மேடையும் உண்டு, நியாயம்தானே. கனடாவின் பிரையன் மெக்கீவருக்கு வழிகாட்டி அவருடைய சொந்த அண்ணன் ராபின். ராபின் 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஓடியவர். தம்பிக்குப் பத்தொன்பது வயதில் நடுப்பார்வை மங்கத் தொடங்கியது, அப்பாவுக்கும் இருந்த அதே நோய். ஓரப்பார்வையால் ஓடுகிறார். 2010-ல் பிரையன் கனடாவின் ஒலிம்பிக் அணிக்கே தேர்வானார், பாராலிம்பிக்குக்கு அல்ல, ஒலிம்பிக்குக்கு! ஓடியிருந்தால் பனிக்கால ஒலிம்பிக்கிலும் பாராலிம்பிக்கிலும் ஒரே ஆண்டில் ஓடிய முதல் ஆளாகியிருப்பார். பிப்ரவரி 28, 50 கிலோமீட்டர் ஓட்டம். கடைசி நேரத்தில் வேறு நாலு பேரை நிறுத்திவிட்டார்கள். நாடே கொதித்தது. எங்கள் கூடாரத்தில் இதைப் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். பயிற்சியாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது, பதக்க வாய்ப்புள்ளவர்களைத்தானே நிறுத்துவார் என்பார் ஒருவர். அவரை யாரும் மறுநாள் பக்கத்தில் உட்காரவிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து மார்ச் 15, அதே பள்ளத்தாக்கு, 20 கிலோமீட்டர். அண்ணன் முன்னால், தம்பி பின்னால். தங்கம். அடுத்து 10 கிலோமீட்டர், தங்கம். கடைசி நாள் ஸ்பிரின்ட், தங்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து மாட்டு மணியை ஆட்டிய ஆட்டில் என் காது இரண்டு நாள் சரியாகக் கேட்கவில்லை. மெக்கீவர் 2022 வரை ஓடி மொத்தம் 16 தங்கத்தோடு 20 பதக்கம் சேர்த்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதல் நாள் இதில்தான் முழிப்பார்கள். ஒரே போட்டியில் ஓடுகிறவர்களின் குறைபாடு ஒரே அளவில் இருக்காது. முழுக்கப் பார்வையில்லாதவர் ஒருவர், கொஞ்சம் தெரிகிறவர் ஒருவர். அதனால் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சதவீதம் வைத்திருக்கிறார்கள். உங்கள் பிரிவுக்கு 90 சதவீதம் என்றால் நீங்கள் 10 நிமிடத்தில் ஓடியது 9 நிமிடமாகக் கணக்கில் வரும். முதலில் கோட்டைத் தொட்டவர் தோற்றிருப்பார், மூச்சிரைக்க ஐந்தாவதாக வந்தவர் ஜெயித்திருப்பார். பலகையில் எண்கள் மாறும் வரை யாருக்கும் தெரியாது. பார்வையாளர்களுக்கு இது எரிச்சல் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்தச் சில நொடி திகில் வேறு எந்த விளையாட்டில் கிடைக்கும்? கணக்குப் பிடிக்கும் என்பதால் எனக்குக் கூடுதல் சந்தோஷம். கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நானே பெருக்கிச் சொல்லிவிடுவேன். என்னைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டமே சேர்ந்துவிட்டது.

டியூட்டி இல்லாத நாளில் படுத்துத் தூங்கலாமே என்பார்கள். தூங்குவதா! ஸ்குவாமிஷில் ஒரு தோழி வீட்டு மாடியில்தான் தங்கியிருந்தேன், விடிவதற்குள் பஸ் பிடித்து க்ரீக்சைடுக்கு ஓடினேன். மலைச்சரிவுப் போட்டி நடக்கும் இடம். அங்கே மூடுபனி வந்து உட்கார்ந்துகொண்டு அட்டவணையைக் குதறிப்போட்டிருந்தது. இன்றைக்கு என்றது நாளைக்கு, நாளைக்கு என்றது இன்னொரு நாள். அந்தக் குழப்பத்தை எல்லாம் தாங்கியவர்கள் விஸ்லரின் 'வீசல் வொர்க்கர்ஸ்'. பல வருஷமாக அந்த மலையில் பந்தயப் பாதை போட்டுக் கொடுக்கும் உள்ளூர்த் தன்னார்வலர் கூட்டம். இரவில் பனி விழும், விடிகாலையில் அவர்கள் வரிசையாக ஸ்கீயைக் குறுக்கே வைத்துச் சறுக்கி இறங்கிப் புதுப்பனியை வழித்துத் தள்ளுவார்கள். பாதை இளகினால் உப்புத் தூவி இறுக்குவார்கள். வலை கட்டுவார்கள், அவிழ்ப்பார்கள், மறுபடி கட்டுவார்கள். ஒரு பேட்டியிலும் அவர்கள் முகம் வராது. அவர்களைப் பார்த்த பிறகு என் வேலை சொகுசு வேலை என்று தெரிந்தது.

அங்கேதான் லாரன் உல்ஸ்டன்கிராஃப்டைப் பார்த்தேன். பிறக்கும்போதே இரண்டு முழங்காலுக்குக் கீழேயும், இடது முழங்கைக்குக் கீழேயும் கிடையாது. மின் பொறியாளர், எங்கள் மாகாண மின்சார நிறுவனத்தில் வேலை. செயற்கைக் காலில் ஸ்கீ பூட்டை மாட்டி, ஒரே கம்போடு இறங்குவார். நின்று சறுக்கும் பெண்கள் பிரிவில் ஐந்து போட்டி, ஐந்திலும் தங்கம். கூட்டத்துக்குக் கையசைத்துவிட்டுப் போன விதத்தைப் பார்த்தால் அலுவலகத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி அத்தனை அமைதி. விவியன் ஃபாரஸ்ட் இன்னொரு ரகம். பார்வை மிகக் குறைவு. முன்னால் போகும் லின்ட்சி டிபூவின் குரலைப் பிடித்துக்கொண்டு டவுன்ஹில்லில் தங்கம். அந்தச் சரிவில் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். கோடைக்காலப் பாராலிம்பிக்கில் கோல்பால் தங்கம் வேறு ஏற்கெனவே வைத்திருக்கிறார். எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும், நெடுஞ்சாலையில் காரில் 100-ஐத் தாண்டினாலே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பேன்.

சாயங்காலங்கள் தன்னார்வலர் கூடாரத்தில். நனைந்த கையுறைகளெல்லாம் ஹீட்டருக்கு மேலே தொங்கும், அந்த வாடையோடு ஹாட் சாக்லேட் வாசனை. நான் கொண்டுபோன புளியோதரையை நார்வேக்காரர் ஒருவர் மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கண் கலங்கினார், மிளகாயாலா பாசத்தாலா தெரியாது. எல்லோர் கழுத்து நாடாவிலும் பின்கள். ஒலிம்பிக் ஊர்களில் பின் மாற்றிக்கொள்வது பெரிய பைத்தியம். வீரர்கள், பயிற்சியாளர்கள், சமையல்காரர்கள், போலீஸ் எல்லோரும் பேரம் பேசுவார்கள். ஸ்லெட்ஜ் ஹாக்கி அரையிறுதியில் ஜப்பான் எங்களை 3-1 என்று கவிழ்த்தபோது அந்தக் கூடாரம் சாவு வீடு. அன்று ஒருவர் தன் கனடா பின்னைக் கழற்றி ஜப்பான் பின்னுக்கு மாற்றிக்கொண்டு வந்தார், அவரோடு பேச்சு வார்த்தை நின்றது. ஸ்லெட்ஜ் ஹாக்கி தெரியுமா? கத்தி பூட்டிய சின்னத் தட்டில் உட்கார்ந்து, இரண்டு குட்டை மட்டை, ஒரு முனையில் பனியைக் குத்தித் தள்ளும் பற்கள், மறுமுனையில் பந்தடிக்கும் தட்டை. மோதலும் இடியும் நின்று ஆடும் ஹாக்கிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. இறுதியில் அமெரிக்கா 2-0 என்று ஜப்பானை ஜெயித்தது, அவர்கள் போட்டி முழுக்க ஒரு கோல்கூட வாங்கவில்லை. வீல்சேர் கர்லிங்கில் எங்களுக்குத் தங்கம், கொரியாவை 8-7 என்று. அதைப் பார்த்தபோது கத்திய கத்தலில் தொண்டை போய்விட்டது. மொத்தம் கனடாவுக்கு 10 தங்கத்தோடு 19 பதக்கம்.

பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன் என்று சொன்னால் பொறாமைப்படுவீர்கள். ஒரு வீராங்கனை தானே நீட்டினார். வட்டமாக இருக்காது, மூலை மழுங்கிய சதுரம், தகடு அலை அலையாக நெளிந்திருக்கும். பூர்வகுடிக் கலைஞர் கோரின் ஹன்ட் வரைந்த ஒரு பெரிய அண்டங்காக்கை ஓவியத்திலிருந்து ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஒவ்வொரு துண்டு. அதனால் ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. பிரெய்ல் எழுத்தும் உண்டு. கனம் என்றால் அப்படி ஒரு கனம்! கழுத்து வலிக்காதா என்று கேட்டேன். "வலிக்கணும்னுதானே இத்தனை வருஷம்" என்று சிரித்தார்.

எனக்கு ஒரே கோபம், இதைப் பற்றி எழுதுகிறவர்கள் மேல்தான். பந்தயத்தைப் பற்றி ஒரு வரி, விபத்தைப் பற்றி ஒன்பது வரி. ஸாரிபோவ் எந்த மேட்டில் முந்தினார் என்று இருக்காது, எந்த ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று இருக்கும். பனி இளகியிருந்த நாளில் எந்த மெழுகு பூசினார்கள் என்பதுதான் அங்கே காலை முழுக்கப் பேச்சு. ஒரு நாட்டின் மெழுகுக்காரர் சரியாகக் கணித்துவிட்டால் அவர்கள் வீரர்கள் எல்லோரும் வழுக்கிக்கொண்டு போவார்கள், தவறிவிட்டால் அத்தனை பேரும் சேற்றில் நடப்பதுதான். இதையெல்லாம் எழுதினால் எத்தனை ருசியாக இருக்கும்! தொடக்க விழாவையே நாடு முழுக்க நேரலையில் காட்டவில்லை, ஊர் முழுக்கத் திட்டித் தீர்த்தார்கள். திட்டியது சரிதான்.

2019 பிப்ரவரியில் பிரின்ஸ் ஜார்ஜில் உலக பாரா நார்டிக் சாம்பியன்ஷிப் வந்தது. எங்கள் மாகாணம்தான், ஆனால் இன்னும் வடக்கே, கேலகனின் ஈரப்பனி ஒன்றும் இல்லை, மூக்குக்குள் முடி உறையும் குளிர். கூட்டம் குறைவு, ஊர் சின்னது, ஆனால் ஸ்கீ கிளப்காரர்கள் பிள்ளைகுட்டியோடு வந்து வேலை பார்த்தார்கள். கேலகனில் இளைஞனாக அறிமுகமான மார்க் அரென்ட்ஸ், ஒரு கையோடு ஓடும் பயத்லான்காரர், அங்கே பெரிய ஆளாக வந்து நின்றார். என்னை அவருக்கு அடையாளம் தெரிய வாய்ப்பே இல்லை. எனக்கென்னவோ நான் வளர்த்த பிள்ளை மாதிரிப் பூரிப்பு.

ஆகவே, உங்கள் ஊர்ப் பக்கத்தில் எங்காவது இப்படி ஒரு போட்டி வருகிறது என்று தெரிந்தால் யோசிக்கவே யோசிக்காதீர்கள். ஸ்கீ ஓட்டத் தெரிய வேண்டாம், எனக்கு இன்றும் தெரியாது. கையுறை மூன்று ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கையில், ஒன்று பையில், ஒன்று ஹீட்டர் மேல். பருத்தி உடுப்பு உள்ளே போடாதீர்கள், வேர்வை காயாமல் எலும்பு வரை குளிரும், கம்பளிதான் சரி. மாற்றிக்கொள்ளப் பின்கள் நிறைய வாங்கிப் போங்கள். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு விருப்பம் என்று கேட்பார்கள். விருந்தினர் வரவேற்பு, ஊடக அறை என்று உள்ளே கதகதப்பாக உட்காரும் வேலைகளெல்லாம் இருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, வெளியே, பனியில், ஆரம்பக் கோட்டுக்குப் பக்கத்தில் என்று எழுதுங்கள். சிட்ஸ்கி வீல்சேர்ப் பொறுப்பு காலியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு நான் ஏற்கெனவே மனுப் போட்டிருப்பேன்.